பொத்தான், சாவி, பென்சில்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய டாக்டர்களுக்கெல்லாம் வராந்தாச் சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள். இவருக்கென்று இருந்தது லிஃப்டு பக்கத்தில் ஒரே ஓர் ஆணி. அதில் அவருடைய காக்கிச் சட்டை தொங்கும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த ஆணியையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் தீராததால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே ஆபரேஷன் வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். வார்டுப் பொறுப்பு முழுக்க என் கையில்தான். "சிஸ்டர் வாயைத் திறந்தாலே போதும், ஊசி தேவையில்லை" என்று சின்னப் பெண்கள் என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. நாற்பது படுக்கை உள்ள வார்டைச் சிரித்துக்கொண்டே நடத்த முடியாது.

அவருடைய வேலை, நோயாளியை வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விடுவது, முடிந்ததும் திரும்பக் கூட்டிவருவது. நடந்து போனால் நான்கு நிமிஷம். ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு போகிறவருக்கு அது நான்கு நிமிஷம் இல்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து, வார்டு கூட்டுகிற அம்மாவைத் தள்ளச் சொல்லி ஒரு நடை போய் வந்திருக்கிறார். வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சிஸ்டர், மேலே இருபத்திமூணு ட்யூப் லைட் இருக்கு. அதுல பதினொண்ணாவது மினுக்கிக்கிட்டே இருக்கு. படுத்துக்கிட்டு வர்றவங்க கண்ணுல அதுதான் படுது. மாத்தச் சொல்லுங்க."

நான் எழுதிப் போட்டேன். ஆறு வருஷம் கழித்து மாற்றினார்கள்.

இனி வித்தைக்கு வருகிறேன். நோயாளிகள் அவரைப் 'பொத்தான் அண்ணன்' என்று கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். தியேட்டருக்குப் போகிற காலையில், பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் நோயாளி பக்கத்தில் போய் நிற்பார். வாந்தி பிடிக்க வைப்போமே, வளைந்த எஃகுத் தட்டு, அப்படி ஒன்று அவர் கையில் இருக்கும். அதில் மூன்று பொருள்கள். கோட்டில் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் ஒன்று, அட்டைச் சீட்டுக் கட்டிய பழைய சாவி ஒன்று, கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென்சில் துண்டு. மூன்றையும் மருந்துத் தண்ணீரில் கழுவித் துடைத்திருப்பார்.

"இந்த மூணுல ஒண்ணை மனசுல நினைச்சுக்கோங்க. எங்கிட்ட சொல்லக் கூடாது."

"எதுக்கு?"

"நீங்க எதை நினைப்பீங்கன்னு முன்னாடியே எழுதி வச்சுட்டேன். வந்த பிறகு காட்டுறேன்."

"இப்பவே காட்டுங்களேன்."

"இப்பக் காட்டினா மாத்திடுவீங்க. போயிட்டு வாங்க, பார்க்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அந்த ஆள் தன் வயிற்றை மறந்து, கத்தியை மறந்து, இவனுக்கு எப்படித் தெரியும் என்ற யோசனையிலேயே இருபத்திமூன்று விளக்குகளையும் கடந்து போய்விடுவார். மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும், தண்ணீர் கேட்பதற்கு முன்னால் "நான் சாவியை நினைச்சேன்" என்று குழறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் எழுதி வைத்ததைக் காட்டுவார். ஒருநாளும் தப்பியதில்லை. பத்தில் ஆறு பேர் பொத்தானைத்தான் நினைத்தார்கள், அதனால் அந்தப் பெயர்.

எனக்கு முதலில் இது துளியும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தலையைச் சொறிகிறவர்களைத் திட்டுவது கஷ்டம்.

பிடிபட்டது எப்படி என்றால், ஒரு வாரம் இன்னொரு ஸ்ட்ரெச்சர்க்காரர் லீவில் போய்விட்டார். எப்போதும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மட்டும் வித்தை காட்டுகிறவர், அன்று என் வார்டில் மூன்று பேருக்குக் காட்டும்படி ஆகிவிட்டது. மறுநாள் நான் ஒவ்வொருவராகக் கட்டு மாற்றிக்கொண்டு வருகிறேன். நான்காம் படுக்கைத் தபால்காரர், "சட்டைப் பையிலேருந்து கவரை எடுத்துப் பிரிச்சார் சிஸ்டர். பொத்தான்னு எழுதியிருக்கு" என்றார். ஏழாம் படுக்கைக் காவலாளி, "சாவியில தொங்குற அட்டையைத் திருப்பினார். சாவின்னு எழுதியிருக்கு" என்றார். ஒன்பதாம் படுக்கைக் கல்லூரிப் பெண்ணுக்குத் தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே பிளாஸ்டர் ஒட்டி, அதில் பென்சில் என்று எழுதியிருந்ததாம். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவில்லை. மூன்றும் என் காதில் விழுந்தன. மூன்றாவது கட்டுக்கு முடிச்சுப் போடும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

துணி அறையில் அவரைப் பிடித்தேன். சலவையிலிருந்து வந்த விரிப்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, யாரு எதைச் சொன்னாலும் உங்ககிட்ட பதில் தயாரா இருக்கு. அப்படித்தானே?"

"ஆமா சிஸ்டர்."

"பொத்தான்னா கவரைப் பிரிப்பீங்க, சாவின்னா அட்டையைத் திருப்புவீங்க, பென்சில்னா தட்டைத் திருப்புவீங்க. மத்த ரெண்டும் இருக்கறதையே காட்ட மாட்டீங்க."

"ஆமா சிஸ்டர்."

"இது ஏமாத்து வேலை."

"ஆமா சிஸ்டர்."

எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரிடம் என்னதான் பேசுவது. "பின்னே?" என்றேன்.

"எதை நினைச்சோம்னு சொல்றதுக்கு மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்கல்ல" என்றார்.

அந்தத் தட்டு வார்டுச் சொத்து, யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். நெளிந்துபோனது என்று நானே கழித்துப் போட்ட தட்டுதான் அது.

அந்த வித்தையை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. கல்யாணமான புதிதில் வீட்டில் அலமாரி அடிக்க ஆணி வாங்கிவந்திருக்கிறார். ஆணி கட்டியிருந்த காகிதத்தில், 'மனத்தில் நினைத்ததைச் சொல்லும் அதிசயம்' என்று தலைப்புப் போட்டு பாதிப் பக்கம் அச்சாகியிருந்தது. கவரும் சாவி அட்டையும் அதில் இருந்தன. மூன்றாவது பொருளுக்கு என்ன செய்வது என்ற இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. மீதிப் பக்கத்தைத் தேடி அந்தக் கடைக்கு நாலு தடவை போய்த் தேவையே இல்லாமல் ஆணி வாங்கியிருக்கிறார். கிடைக்கவில்லை. கடைசியில் தட்டின் அடியில் எழுதும் யோசனை அவருக்கே வந்தது. "மூணுல ஒரு பங்கு என்னோட கண்டுபிடிப்பு சிஸ்டர்" என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரம்மா இருந்தால், "ஊர்ல இருக்கறவங்க மனசுல உள்ளதெல்லாம் தெரியும், வீட்டுல உப்பு தீர்ந்தது மட்டும் தெரியாது" என்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. நானும் கண்டும் காணாமலும் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இருந்துவிட்டேன் என்பதுகூடச் சரியில்லை. தியேட்டருக்கு ஆள் அனுப்புகிற நாட்களில், அவர் முறையா மற்றவர் முறையா என்று நான் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

என் பன்னிரண்டாம் வருஷத்தில் ஒரு தையல்காரப் பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயது. கழுத்தில் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும், வாரத்துக்கு இரண்டு நடக்கிற ஆபரேஷன்தான். புருஷன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நகக்கண்ணில் நீலம் அப்பியபடி, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அந்தப் பெண் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்.

"நான் வரலை. வீட்டுக்குப் போறேன். கட்டி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

தியேட்டரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் மூன்று நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். அவர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. உங்க வித்தையைக் காட்டி இந்தம்மாவை வண்டியில ஏத்துங்க" என்றேன்.

அத்தனை வருஷத்தில் நானாக அவரைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கொஞ்சம் உட்கார்ந்து அழட்டுமே சிஸ்டர்" என்றார். நேரமில்லை என்றேன்.

அவர் தட்டை எடுத்து வந்தார். எப்போதும் சொல்வதைச் சொன்னார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூன்றையும் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது.

"நினைச்சுட்டேன். நீங்க தோக்கப் போறீங்க."

"பார்க்கலாம்மா."

"பந்தயம்."

"சரி, பந்தயம்."

கம்பியை விட்டுவிட்டுத் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தியேட்டர் வாசலில் புருஷனைக் குனியச் சொல்லி, காதில் எதையோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள் என்று அண்ணன் வந்து சொன்னார்.

அவள் திரும்பி வரவில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் போராடினார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து, பெஞ்சில் அந்தப் பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து தாமே சொன்னார். யார் மேலும் தப்பில்லை. இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்தும் எனக்கு அப்படித்தான் படுகிறது. எத்தனையோ ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும், அந்த ஒருவர் அன்று அவளாக இருந்தாள்.

அண்ணன் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு வந்தார். தட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"இதை உள்ள வச்சுடுங்க சிஸ்டர்."

இழுப்பறையில் கட்டுத் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கவரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெறும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராக ஆகிவிட்டார். வேலையில் ஒரு குறையும் கிடையாது. சக்கரத்துக்கு எண்ணெய் போடுவார், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவார். ஆனால் வாய் திறக்க மாட்டார். "பொத்தான் அண்ணன்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?" என்று யாராவது கேட்டால், "அது வேற ஆளு" என்பார். நடுங்குகிறவர்கள் நடுங்கிக்கொண்டே போனார்கள், வந்தார்கள். வித்தை வேண்டாம் என்று அன்று கத்திய நான்தான், காலையில் அந்த வார்டின் அமைதியைத் தாங்க முடியாமல் மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஒரு மத்தியானம் அவராகவே பேசினார். "மூணு பதில் கையில இருக்கு சிஸ்டர். எதைத் திருப்பணும்னு சொல்ல ஆள் வரலை. அந்தம்மா என்ன நினைச்சாங்கன்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

கொஞ்சம் அழட்டும் என்றவர் அவர். நேரமில்லை என்றவள் நான். ஏழு மாதமாக அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது மாதம் அந்தப் பெயிண்டர் வந்தார். நாலு மணி, பார்வையாளர் நேரம். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தார். நகக்கண்ணில் அதே நீலம் இருந்ததால்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"அந்த வித்தை காட்டினவரைப் பார்க்கணும் சிஸ்டர்."

சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று பயந்து, துணி அறைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அவரு என்ன எழுதி வச்சிருந்தாருன்னு தெரியணும். என் பொண்டாட்டி எதை நினைச்சான்னு எனக்குத் தெரியும். என் காதுல சொல்லிட்டுத்தான் உள்ள போனா. அவரு எழுதினதும் இவ நினைச்சதும் ஒண்ணா இருந்தா..."

"ஒண்ணா இருந்தா?"

"மனசுல இருக்கறதே தெரியுதுன்னா, மத்தது மட்டும் தெரியாமப் போகுமா? அவ திரும்பி வர மாட்டான்னு தெரிஞ்சேதான் தள்ளிக்கிட்டுப் போனாரா? ராத்திரி பகலா இதே நினைப்பு சிஸ்டர். சுவத்துல பிரஷ்ஷை வச்சா அப்படியே நின்னுடறேன்."

அந்த மனுஷன் அப்படியும் நினைப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வித்தையை நம்பியவர்களைப் பார்த்து நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டிருக்கிறோம். நம்பிக்கை இந்தப் பக்கமாகவும் திரும்பும் என்று யோசிக்கவில்லை.

லிஃப்டு வாசலில் அண்ணனைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சோடு பேச்சாக ஒரு வழியும் சொன்னேன். "அண்ணே, முதல்ல அவர் வாயால என்னன்னு சொல்ல வைங்க. அப்புறம் வேற ஒண்ணைக் காட்டிடுங்க. வித்தை பலிக்கலை, இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிம்மதியாப் போயிடுவாரு."

அவர் காக்கிச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"ஏற்கெனவே நான் சொன்ன ஒரு பொய்யாலதான் அவரு இப்படிக் கிடக்கறாரு. இன்னொண்ணையும் கொடுத்து அனுப்பச் சொல்றீங்களா சிஸ்டர்? தட்டை எடுத்துட்டு வாங்க."

துணி அறையில் மடித்து வைத்த விரிப்புகளின் மேல் தட்டை வைத்தார். பொத்தான், சாவி, பென்சில் மூன்றும் அதில் அப்படியே இருந்தன. பெயிண்டர் வாயைத் திறந்தார். இவர் கையமர்த்தினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. நான் காட்டிடறேன்."

சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். அதே கவர், ஏழு மாதமும் அந்தப் பையிலேயே இருந்திருக்கிறது, ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது. பிரித்து உள்ளே இருந்த சீட்டைப் பெயிண்டர் கையில் கொடுத்தார். பொத்தான். சாவியின் அட்டையைத் திருப்பினார். சாவி. மூன்று பொருள்களையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தட்டைக் கவிழ்த்தார். பென்சில்.

"அன்னைக்குக் காலையில எழுதினது இல்ல. பத்து வருஷமா இதேதான் எழுதியிருக்கு. யாரு எதைச் சொன்னாலும் அதை மட்டும் காட்டுவேன். மத்ததை மறைச்சுடுவேன். வித்தை அவ்வளவுதான்."

பெயிண்டர் அந்தப் பிளாஸ்டரை நகத்தால் மெல்லத் தடவினார்.

"அவ பென்சில்தான் நினைச்சா" என்றார். "தையல்காரின்னா பொத்தானைத்தான் நினைப்பான்னு எழுதி வச்சிருப்பாரு, ஏமாத்தறேன் பாருன்னு சொல்லிட்டுப் போனா."

வெளியே யாரோ தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அப்போ உங்களுக்குத் தெரியாது" என்றார் பெயிண்டர்.

"தெரியாது தம்பி. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா வண்டியைத் திருப்பியிருப்பேன்."

பெயிண்டர் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பத்து வருஷம் காப்பாற்றிய ரகசியத்தை இழந்தவர், பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். அழுதபடியே, இவர் மேல் தப்பில்லை, கொஞ்சம் அழட்டும் என்றுதான் சொன்னார், நான்தான் அவசரப்படுத்தி அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன்.

பெயிண்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லேன்னா அழுதுக்கிட்டே போயிருப்பா சிஸ்டர். சிரிச்சுக்கிட்டுல்ல போனா" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "அவ எதை நினைச்சிருந்தாலும் தோத்திருப்பாளா?"

"ஆமா தம்பி."

"ஒத்துக்கவே மாட்டா. தட்டைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பா. உங்களோட ஒரு வாரம் சண்டை போட்டிருப்பா."

"அந்தச் சண்டைக்குத்தான் தம்பி காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் இவர்.

மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அந்த அறையில் அன்றைக்குச் சிரிப்பு வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

போகும்போது பெயிண்டர் அந்தப் பென்சில் துண்டைக் கேட்டார். இவர் கொடுத்துவிட்டார். பென்சில் போனதோடு வித்தையும் போயிற்று என்று நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அதே நாலு மணிக்குப் பெயிண்டர் திரும்ப வந்தார். முகம் மழித்திருந்தார். கையில் ஒரு சின்ன நீலப் பெயிண்ட் டப்பா, உப்புத்தாள், ஒரு குட்டிப் பிரஷ். கைப்பிடியைப் பென்சில் அளவுக்கு வெட்டித் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பொருள் குறைகிறதே, அதற்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தட்டைக் கேட்டு வாங்கிப் பிளாஸ்டரை உரித்துப் போட்டார். உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பக்கத்தில் 'பிரஷ்' என்று அழகாக, அச்சுக்கோத்த மாதிரி எழுதினார்.

"நாளைக்கு வரைக்கும் யாரும் தொடாதீங்க. காயணும்" என்றார். பிறகு, "இனிமே நானும் இதுல கூட்டு" என்றார்.

ஈ உட்கார்ந்தால்கூடக் கேள்வி கேட்கிற என் வார்டில், அன்று முழுக்கப் பெயிண்ட் வாடை அடித்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை அண்ணன் தட்டோடு ஒரு நடுங்கும் கிழவர் பக்கத்தில் போய் நின்றார். எப்போதும் சொல்வதையே சொன்னார். ஆனால் கடைசியில் ஒன்று சேர்ந்திருந்தது. "எங்கிட்ட சொல்ல வேண்டாம். உள்ள போறதுக்கு முன்னாடி உங்க ஆளு காதுல சொல்லிட்டுப் போங்க." ஓய்வு பெறும்வரை அதை அவர் விட்டதே இல்லை. தியேட்டர் வாசலில் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, புதிதாக வரும் டாக்டர்கள் இது என்ன என்று கேட்பார்கள். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

"இனிமே யாரு கேட்டாலும் ரகசியத்தைச் சொல்லிடுவீங்களா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்தவங்க கேட்டா சொல்ல மாட்டேன் சிஸ்டர். வராதவங்க வீட்டுலேருந்து கேட்டா சொல்லாம இருக்க மாட்டேன்."

அப்படி இன்னும் இரண்டு பேருக்கு அவர் தட்டைக் கவிழ்த்துக் காட்ட வேண்டிவந்தது. இரண்டு தடவையும் நான் கூட இருந்தேன்.

ஓய்வு பெற்ற அன்று தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார், மத்தியானத் தூக்கத்திலேயே. பெயிண்டர்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். இரண்டு பேரும் கடைசிவரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று அதே ஆஸ்பத்திரியில் படுத்தேன். புதுக் கட்டடம் ஆகிவிட்டது. தள்ளியவர் காதில் பாட்டு மாட்டியிருந்தார். கூரையில் எண்ணுவதற்கு விளக்கே இல்லை, எல்லாம் ஒரே வெளிச்சப் பலகை. இருபத்திரண்டு வருஷம் ஆட்களை அனுப்பிவைத்தவள், ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயந்தேன் என்று எழுத இப்போது வெட்கமில்லை. யாராவது பக்கத்தில் வந்து ஒரு தட்டை நீட்ட மாட்டார்களா என்று இருந்தது. யாரும் நீட்டாததால் நானே மூன்றில் ஒன்றை நினைத்துக்கொண்டேன். தியேட்டர் வாசலில் மகளைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னேன்.

"பிரஷ்."

"பையில வச்சிருக்கேம்மா. பேஸ்ட்டும் இருக்கு. வந்து பல் தேய்க்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் கேட்டாள். "உள்ள போறப்போ ஏம்மா பிரஷ்னு சொன்னே?"

அலமாரிமேல் இருக்கும் தட்டை எடுத்துவரச் சொன்னேன். தூசி தட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே இருப்பதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பு என்றேன். திருப்பினாள். நீலம் கொஞ்சம்கூட மங்கவில்லை. அவள் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் எழுத்தைப் பார்த்தாள்.

"நீ இதைத்தான் நினைப்பேன்னு யாரும்மா எழுதி வச்சது?"

"இருக்காங்க ரெண்டு பேரு."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போயிட்டு வந்தவங்களுக்கு அதைச் சொல்றதில்லை."

அவள் விடுகிற ரகம் இல்லை, என் பெண்ணாயிற்றே. கட்டிலில் கிடந்த சாவியின் பக்கம் கை போயிற்று. அதன் அட்டை குப்புறக் கிடந்தது.

"அதை வை" என்றேன். "தொடாதே. வார்டுச் சொத்து."